என் பேர் எழுதின டப்பா

அக்கா பெத்த தங்கத்துக்கு,

கீரைக்கும் குடல்ல இருக்கிற நுண்ணுயிருக்கும் என்ன சம்பந்தம்னு ஆராயிற நீ, கே.ஜி.கண்டிகையில முதல்ல என் பேர் எழுதி டப்பா அனுப்பினது நியாயம்தான். திருத்தணி மலையில முளைக்கிற முந்நூறு கீரையும் எனக்கு மனப்பாடம். உங்க காலேஜ் வாத்தியாருங்களே என்கிட்ட வந்து கத்துக்கலாம்.

ஆனா உன் மாமனோடது பரோட்டா வயிறு. மலப் பரிசோதனையில முதல் மார்க் வாங்கணும்னு, தினம் கீரை திங்கிற உன் அத்தைகிட்ட "உனக்கும் ஒரு டப்பா வந்துகீது"ன்னு பொய் சொல்லி அவளோடதை வாங்கி, என் பேர்ல குடுத்துட்டேன்.

'ரத்தம் இருக்கு மாமா, கட்டியா இருக்கலாம், உடனே வாங்க'ன்னு நேத்து நீ அனுப்பினதை அவளும் படிச்சா. "இந்த சிங்கத்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னா. காலையிலேயே எனக்காக மொட்டை போட்டுக்க மலைப்படி ஏறிப் போயிட்டா.

இறங்கி வந்ததும் கூட்டிக்கினு வரேன். வியாதி யாருக்குன்னு நீயே அவகிட்ட சொல்லிடும்மா. எனக்கு வாய் வரல.

உன் தாய்மாமன்