அப்பாவின் வலது கை

25 ஜனவரி, ஞாயிறு

அப்பா வீட்டுக்குள் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். வெயில் கொளுத்துகிறது. வழக்கமாகப் பனியன்தான்.

வாங்க வேண்டியவை: வெள்ளை ரொட்டி, முட்டை, பிளாஸ்டர். தக்காளி வேண்டாம் (பொட்டாசியம், அப்பாவுக்கு ஆகாது).

காலையில் கையைத் தொட விடவில்லை. தினமும் என் வேலை அது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக மணிக்கட்டில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம். விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். "நானே பாத்துட்டேன், போ" என்றார்.

செல்வி அக்கா (டயாலிசிஸ் சென்டர் நர்ஸ்) முன்பே சொன்னது: "இந்தக் கை அடைச்சிருச்சுன்னா கழுத்துல டியூப்தான். கிருமி உள்ள போக நல்ல வழி. கை நல்லா இருக்கிறவங்கதான் ரொம்ப வருஷம் ஓட்டுறாங்க. பாத்துக்க லா." அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளியை விட்ட வாரம் அது.

மாலை. அப்பா குளித்துவிட்டு வரும்போது பார்த்துவிட்டேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் காப்பு. நேற்று டயாலிசிஸ் முடிந்து தேக்கா கடைவீதிப் பக்கம் கோயிலுக்குப் போனாரே, அப்போது. தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டுதல்.

அப்பா இடக்கைக்காரர். அதனால் டாக்டர் தைத்தது வலக்கையில். ஆண்களுக்குக் காப்பும் வலக்கையில்தான். வரிசையில் பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது இடக்கையில் கட்டச் சொல்லக் கூச்சமாம்.

"ஒரு வாரம்தானேம்மா. கட்டினத அவுக்கக் கூடாது."

நூல் தோலில் பதிந்திருந்தது. ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தேன். எப்போதும்போல.

26, திங்கள்

மழை. 6.40. அப்பா தூக்கத்தில். தொட்டேன். தெரியவில்லை. காதை வைத்தேன். இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு ஃபேன் அளவுக்குத்தான். சனிக்கிழமை இப்படி இல்லை.

எழுப்பிச் சொன்னேன். நாளை எப்படியும் சென்டருக்குப் போகிறோம், அங்கே பார்ப்பார்கள் என்றார்.

நாளை வரை தாங்குமா? சென்டரில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அங்கிளுக்குக் கழுத்தில்தான் டியூப். ஒரு நாள் காய்ச்சல், குளிர். மறு வாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

சென்டருக்குப் போன் செய்தேன். "ஹலோ" கேட்டதும் வைத்துவிட்டேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை செல்வி அக்கா எடுத்தார். சொல்லிவிட்டேன். உடனே நூலை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கை முழுசாக அடைத்துவிட்டால் திறப்பது கஷ்டமாம்.

அப்பாவிடம் போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"சாமி குத்தம் ஆயிட்டா?"

"எனக்கு ஆகட்டும்ப்பா."

அவர் கையை நீட்டவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை.

கத்தரிக்கோலை நூலுக்கு அடியில் விட்டு வெட்டினேன்.