பச்சையாக வெட்டிய ஒன்பது பூக்கள்

மார்ச் 4, புதன்

மகளின் பிரசவத்துக்காக அக்கா இன்று காலை கிளம்பினாள். வாசல் வரை ஒரே பாடம். "பூவோட முதுகு பச்சையா இருக்கற வரைக்கும் கை வைக்காதே. மஞ்சளாகி, பழுப்பு தட்டினப்புறம்தான் வெட்டணும். துணிப்பை கட்டியிருக்கற பூ அடுத்த வருஷ விதைக்கு." மூன்று வருடமாகப் பெரிய மணியாகப் பொறுக்கிப் பொறுக்கி அவள் தேற்றிய சூரியகாந்தி. நாற்பத்தாறு வயதில் இதுகூடவா எனக்குத் தெரியாது?

மார்ச் 9

இதழெல்லாம் கொட்டிவிட்டது. முதுகு இன்னும் பச்சைதான்.

மார்ச் 11

வெட்டிவிட்டேன். ஒன்பதையும். துணிப்பை கட்டியதையும் சேர்த்து. அக்கா வரும்போது சுத்தம் செய்த விதை பாட்டில் நிறைய இருக்க வேண்டும். "பரவாயில்லையே, நீயா செஞ்சே?" என்று ஒரு தடவையாவது அவள் கேட்க வேண்டும் – அவ்வளவுதான் ஆசை. வெயிலில் வைத்தால் முற்றிவிடாதா என்ன?

மார்ச் 15

காய்ந்த பூவைக் கம்பி வலையில் தேய்த்து உதிர்த்தேன். முறத்தில் போட்டு ஒரு புடை – விதையெல்லாம் தூசியோடு தூசியாகப் பறந்துவிட்டது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். வெறும் ஓடு. அடுத்ததும் ஓடு. துணிப்பைப் பூவிலிருந்து மட்டும் பதினோரு விதை முறத்தில் தங்கியது. அதை ஒளித்து வைத்தேன். மற்றதைக் குப்பையில் கொட்டி, மேலே காய்கறித் தோலைப் போட்டு மூடினேன். திருட்டு முழி என்பார்களே, கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 17

அக்கா வந்துவிட்டாள். "அணில் தின்னுடுச்சு" என்றேன். யோசித்துக்கூட வைக்கவில்லை, தானாக வாயில் வந்துவிட்டது.

மார்ச் 18

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர். மதில்மேல் தட்டு வைத்து அணில்களுக்குத் தானியம் போடுகிறவர். அக்கா நேரே அவரிடம் போய்விட்டாள். "நீங்க தீனி போட்டு வளர்க்கறீங்க, அது எங்க வீட்டுல வந்து மேயுது. என் மூணு வருஷ உழைப்பு சார்." அவர் "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் மேலயா தப்பு? சன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடிப்பாவி, எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 20

மதில்மேல் தட்டைக் காணோம். அணில்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். பதினோரு விதையையும் அக்கா கையில் வைத்தேன். ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "வெட்டினதுக்குக்கூட கோபம் இல்லடி. என் வாயால அந்த மனுஷனைத் திட்ட வச்சியே." செருப்பை மாட்டிக்கொண்டு, "நட. நீயே வந்து சொல்லு" என்றாள்.

சொன்னேன். தலை நிமிரவில்லை. "விடும்மா, அணில் ஒண்ணும் மானநஷ்ட வழக்கு போடாது" என்று தபால்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 25

"சாப்பிட்டியா?" "ம்." அக்காவோடு பேச்சு அத்தோடு சரி.

ஏப்ரல் 6

அக்கா ஊன்றிய பதினோரு விதையில் ஏழு முளைத்திருக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சலாம், அக்கா மறுபடி மகளிடம் கிளம்புகிறாள். காலையில் மதிலோரம் அவள் குரல். "சார், ஒரு பத்து நாள் செடிக்குத் தண்ணி விட முடியுமா?"

நான் அங்கேயேதான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "வீட்டுல ஆள் இருக்காங்களே" என்று தபால்காரர் என்னைப் பார்த்தார்.

"இருக்கா" என்றாள் அக்கா. தண்ணீர்க் குழாயைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டாள்.