மாடிக் குழாயில் போன மோர்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் மாடியிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் பதிலும் வராது, ஆளும் இறங்கி வரமாட்டீர்கள். இப்போது அந்த "ம்" கூட இல்லை என்பதால் எழுதுகிறேன். எழுதி நம் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக நடந்தது. நம் மகள் ஜென்சி பிள்ளையோடு புதுச்சேரியிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. உங்கள் செடிகள்தான் சரியாக இல்லை. நீங்கள் போன மூன்றாவது வாரமே கறிவேப்பிலை மஞ்சளடித்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, மீதி இலையெல்லாம் வெளிறல். அடுத்து ரோஜா, அதற்கடுத்து மிளகாய்.

இதே மஞ்சளை எட்டு வருஷத்துக்கு முன்னாலும் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? நம் தலத்தெரு போர்வெல் தண்ணீர், வாளியில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீர். காரம் கூடி பிஎச் எட்டுக்கு மேல் நிற்கிறது, புளிப்பு சேர்த்து இறக்கினால்தான் வேர் சத்தை எடுக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தீர்கள். வினிகர் வாங்கினீர்கள், ஒரு டிரம் தண்ணீருக்கே பாட்டில் பாட்டிலாகப் போனது. மளிகைக்கடை எலுமிச்சை உப்பைக் கரைத்தீர்கள். இரண்டு நாளில் பிஎச் பழையபடி ஏறிக்கொண்டது. இதற்கென்றே ஆன்லைனில் விற்கிற சின்னக் குப்பியின் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தீர்கள். கடைசியில் என்னிடம் வந்து, "ஸ்டெல்லா, உன் புளிச்ச மோரக் குடு, ஊத்திப் பாப்போம்" என்றீர்கள். ஒரு மாதத்தில் மாடி முழுக்கப் பச்சை. "எல்லாம் எங்க வீட்டம்மா மோருங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னீர்கள்.

நானும் நம்பினேன். எட்டு வருஷம் தினமும் உறை ஊற்றி, கடைந்து, மூன்று நாள் மூடி வைத்துப் புளிக்கவிட்டேன். அடுப்படி நாறுகிறது என்று ஜென்சி மூக்கைப் பிடிப்பாள், நான் கேட்கமாட்டேன். சித்திரை வெயிலில் வெளியே போய்விட்டு வந்து நீங்கள் மோர் கேட்டால்கூட, "செடிக்கு வச்சிருக்கேன்" என்று தண்ணீரைத்தான் நீட்டினேன். நீங்களும் அதையே வாங்கிக் குடித்தீர்கள்.

நீங்கள் இல்லாமல் செடி வாடினபோது தப்பு என் கையில்தான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் புளிக்க வைத்தேன், இரண்டு மடங்காக ஊற்றினேன். எறும்பு வந்தது, நாற்றம் வந்தது, பச்சை மட்டும் வரவில்லை. உங்கள் செடியைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லையே என்று மாடியில் நின்று அழுதேன்.

பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். பேட்டரிக் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். கையில் ஒரு கேன்.

"அண்ணன் மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்குவாங்க அண்ணி. செடியெல்லாம் காஞ்சிடக் கூடாதேன்னு எடுத்தாந்தேன்" என்றார்.

"என்னது இது?"

"பேட்டரிக்கு ஊத்துற புது ஆசிட்டுங்க. டிரம் தண்ணியில கொஞ்சூண்டு கலப்பாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"செடிக்கு மோருதான ஊத்துவாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "அது வந்துங்க... மோர மாடித் தண்ணி போற குழாயில ஊத்திடுவாங்க. வீட்ல மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

அந்தக் குழாய் சந்தில் இறங்குகிற இடத்தில் எப்போதும் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருக்கும். நம் சந்து பூனைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கொழுப்பு என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஜென்சிக்குப் போன் போட்டேன். "உனக்குத் தெரியுமாடி?" என்றேன். "அப்பா சொல்ல வேணாம்னாங்கம்மா. நீங்க ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திருந்தீங்கள்ல, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்னுதான். எல்லாம் பாசத்துலதாம்மா" என்றாள்.

பாசமாம்! சமாதானப்படுத்த பொம்மை கொடுக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஒரு சொட்டு கூடினால் உயிர் போகிற மருந்தையெல்லாம் அளந்து ஏற்றியவள். ஆசிட் என்றால் அலறுவேன் என்று யார் சொன்னது உங்களுக்கு? கடைக்காரருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். போன வருஷம் உங்கள் இடது மணிக்கட்டில் இருந்த புண்ணை என்ன செய்வது? வண்டி சைலன்சர் சுட்டுவிட்டது என்றீர்கள். தினமும் களிம்பு போட்டுக் கட்டினேன். சூட்டுப் புண் இப்படிக் குழி விழாதே என்று ஒருநாள் கேட்டதற்கு, சர்க்கரை இருக்கிறதல்லவா என்று என் வாயை அடைத்தீர்கள். ஆசிட் என்று கத்தியிருந்தால் ஓடி வந்து குழாயடியில் கையைப் பிடித்திருப்பேன், குழி விழுந்திருக்காது. வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு மாடியில் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்களே, எதற்காக? என் மோருக்காகவா?

கேனை நான் திருப்பி அனுப்பவில்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிப்பெட் குழாயில் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிறேன். பிஎச் பேப்பரை நனைத்துப் பார்த்து, ஆறரைக்கு வந்ததும் நிறுத்துகிறேன். இப்போது கறிவேப்பிலையில் புதுத் தளிர் பச்சையாகத்தான் வருகிறது. அதைப் பார்த்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் கையால் அது வராமலே போயிருந்தால், என்னிடம் மறைத்ததில் உங்கள் பக்கம் ஒரு துளி நியாயமாவது மிஞ்சியிருக்கும்.

இதைக் குழுவில் போடுவதற்குக் காரணம் நம் குழுவிலேயே இருக்கிற வரிச்சிக்குடி மேரி. நான் அளந்துவிட்ட மோர்க் கதையை நம்பி ஒரு வருஷமாக ஊற்றியிருக்கிறாள். அவள் எலுமிச்சை பட்டுப்போய்விட்டது. "எனக்குக் கைராசி இல்லக்கா" என்று போன வாரம் சொல்லிவிட்டுத் தொட்டிகளை விற்கப் பார்த்தாள். மேரி, உன் கையில் ஒரு குறையும் இல்லை. நம் தண்ணீருக்கு மோர் போதாது. நான் ஏமாந்து, உன்னையும் ஏமாற்றிவிட்டேன். தொட்டியை விற்காதே, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கலந்து காட்டுகிறேன்.

என்னங்க, கல்லறைத் திருநாளுக்கு வருவேன். சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் உங்கள் மனசு குளிரும், தெரியும். ஆனால் இன்றைக்கு அது பொய். உங்கள் மனசு நோகக் கூடாது என்பதற்காக நான் உங்களிடம் ஒருநாளும் பொய் சொல்லமாட்டேன். இது சத்தியம். மன்னிப்பு நிஜமாகவே மனசில் வருகிற வருஷம், வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் காத்திருங்கள்.

முப்பத்துநான்கு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்திய
உங்கள் மனைவி
ஸ்டெல்லா