ம. பாரதி, பத்தாம் வகுப்பு

ஆம்பூர்,
12 நவம்பர்

மதிப்பிற்குரிய மரியம்மாள் டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு முடிவு கடந்த திங்கட்கிழமை எடுக்கப்பட்டது. தலைமையாசிரியர் அறையில் உள்ள இரும்புப் பீரோவை ஜன்னல் பக்கமிருந்து கதவுப் பக்கம் நகர்த்துவது என்று, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், பதினான்கு ஆசிரியர்களும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தமிழாசிரியர் மட்டும் காற்றோட்டம் குறித்துத் தம் கவலையைப் பதிவு செய்தார்.

குன்னூர் குளிர் தங்கள் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

நூற்றாண்டு மலருக்காகப் பள்ளியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளி ஒரு தோல் கிடங்கின் பின்கட்டில் தொடங்கியது, பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள் என்பதுவரை வந்துவிட்டேன். பள்ளியின் செயல்பாடுகளுக்கும் குறைவில்லை. பசுமைப் படை ஆண்டுதோறும் நூறு மரக்கன்றுகள் நடுகிறது. குழிகள் பத்துதான், அதே பத்து. தோல் பொருள் பயிற்சிப் பிரிவு நன்றாக நடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பத்தாம் வகுப்பில் முப்பது பேர் இருந்தால்தான் அந்தப் பிரிவும் மெர்சி டீச்சரின் பணியிடமும் நிலைக்கும் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவர் கணவருக்கு வாரம் மூன்று முறை வேலூரில் டயாலிசிஸ். எண்ணிக்கை குறைந்தால் அவரை எந்த மாவட்டத்துக்கும் அனுப்பலாம். பதிவேட்டில் முப்பது பேர் இருக்கிறார்கள். வகுப்பில் இருப்பது இருபத்தொன்பது. முப்பதாவது, தாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டுப்போன ம. பாரதி. தலைமையாசிரியர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று, அந்தப் பெயரை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். எண்ணிக்கைக்காக இல்லாத பிள்ளையின் பெயரைச் சேர்ப்பது ஊரில் நடப்பதுதானே என்று நானும் தொடவில்லை. தாய் பெயர் என்ற கட்டத்தில் மரியம்மாள் என்று இருந்தது. இந்தப் பக்கம் வீதிக்கு நான்கு மரியம்மாள்கள் இருப்பதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு ஷூ வரும்போதெல்லாம் பாரதிக்கும் ஒரு ஜோடி வரும். அதை அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். கடைசி இரண்டு ஜோடிகளை என் கையாலேயே வைத்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. நகர்த்துவதற்காகப் பீரோவைக் காலி செய்தபோது ஐந்து பெட்டிகள் இருந்தன. ஆண்டுக்கு ஓர் அளவு கூடியிருந்தது. யார் அளவெடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சகீனா அங்கே இருந்தார். ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங்கில் இருப்பவர். ஒரு ஜோடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பழசையெல்லாம் பொட்டியில போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். புதுசும்மா என்றேன். "யாருகிட்ட சார்? ஒரு வருசம் நடந்த ஷூ இது. வலது மொனை தேஞ்சிருக்கு பாருங்க. காலை இழுத்து இழுத்து நடக்குற பொண்ணு. வெயிட்டும் கம்மி" என்றார். மற்ற நான்கையும் பார்த்து, எல்லாம் ஒரே கால்தான் என்று சான்றளித்தார்.

வாட்ச்மேன் கோதண்டராமன் பீரோவைப் பிடித்தபடியே, "அது நம்ம மரியம்மா டீச்சர் பொண்ணு நடை சார். அஞ்சாவது படிக்கசொல்ல காய்ச்சல்ல போய்டுச்சே, அந்தப் புள்ள" என்றார். பிறகு மணியடிக்கப் போய்விட்டார்.

மெர்சி டீச்சரைக் கூப்பிட்டு, இரண்டு வருடமாக பாரதிக்கு எப்படி வருகை போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பேரைக் கூப்பிட்டா உள்ளேன் டீச்சர்னு சத்தம் வருது சார். ஏதோ வாலுங்க குடுக்குதுன்னு நெனச்சேன். நிமிந்து பாத்தா வேலை போய்டுமேன்னு நான் நிமிரவே இல்ல" என்று அழுதார்.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் இருபத்திரண்டாம் தேதி போக வேண்டும். அதற்குப் புகைப்படம் தேவை. அது இல்லாவிட்டால் பெயரை நீக்கத்தான் வேண்டும். தங்கள் காலத்தைப் பற்றி மலரில் என்ன எழுதுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். தாங்கள் சொல்லாமல் செய்ய எனக்குக் கை வரவில்லை. கர்த்தர் தங்களுக்கு நல்ல உறக்கத்தைத் தரட்டும்.

பணிவுடன்,
ஜெயசீலன்

*

ஆம்பூர்,
26 நவம்பர்

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நீக்குவதைப் பற்றித் தாங்கள் ஒன்றும் எழுதவில்லை. மழை நாட்களில் மாடிப்படி வழுக்கும், அவளை மெதுவாக இறங்கச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். சொல்லச் சொல்லி மெர்சி டீச்சரிடம் கூறினேன். அவர் வகுப்பில் பொதுவாகச் சொன்னார்.

புகைப்படம் இல்லாத மாணவியை இணையதளம் ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பெயரை நீக்கி அனுப்பிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும். மெர்சி டீச்சருக்கு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவர் கணவர் வேலூரிலேயே தங்குகிறார். இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். தங்கள் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெயசீலன்

பி.கு.: இன்று பத்தாம் வகுப்பில் இருபத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். சத்துணவுக்கு இருபத்தொன்பது முட்டை வந்தது. பரிமாறியபோது ஒரு முட்டை குறைந்தது.