மாடியில் இரண்டு அறை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பால்கனியில் துணி காயப்போட்டதற்குத் திட்டு. சுற்றிப் பார்க்க வந்து படம் எடுப்பவர்களுக்கு மாளிகை முகப்பில் மாமியாரின் உள்பாவாடை தெரிகிறதாம். பூங்கா மேனேஜர் ஆள் அனுப்பிச் சொல்கிறார். அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஈரத்துணிக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்து நடந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கூட்டம். சிலிண்டரைக் கூடத்தின் வழியாக நானே உருட்டி வந்தேன். அத்தை படுத்திருந்த பெரிய கட்டில் இப்போது கயிற்றுக்கு அப்பால், ‘தொடாதீர்கள்’ பலகையோடு. ஒரு பெண்மணி என்னிடம், “டாய்லெட் எந்தப் பக்கம்?” என்றாள். காட்டினேன். இந்த வீட்டு மருமகளாக நான் செய்யும் உபசாரம் இப்போது அது ஒன்றுதான்.

மாடி ஜன்னலிலிருந்து அத்தை, “ஏய், பூவைப் பறிச்சே, கைய ஒடிச்சிடுவேன்!” என்று கத்தினார். நாலு பேர் சிரித்துக்கொண்டே அவரைப் படம் எடுத்தார்கள்.

மார்ச் 10

மேனேஜரின் தினசரிக் கேள்வி: “அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க.”

“சந்தோஷம்” என்றார். முகம் தொங்கிவிட்டது. அவரைச் சொல்லி என்ன? வீட்டையும் தோட்டத்தையும் பூங்காவுக்குக் கொடுத்தபோதே பேச்சு: அத்தை இருக்கும்வரை மாடியில் இரண்டு அறை எங்களுக்கு, அதன்பின் அவையும் கண்காட்சிக்கு. அவர் காத்திருக்கிறார். நான்? கணவரும் போய்விட்டார். பிறந்த வீட்டில் அண்ணியின் ராஜ்யம். அத்தைக்கு மாத்திரை கொடுப்பது, கால் பிடித்துவிடுவது — இதெல்லாம் அன்பா, கூரைக்காகவா? யோசிக்கவும் தெம்பில்லை.

மார்ச் 17

அத்தைக்குக் காய்ச்சல். மேனேஜர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். சட்டைப் பையில் அளவு டேப்! அத்தை பழத்தைப் பார்க்கவில்லை, டேப்பைத்தான் பார்த்தார்.

மார்ச் 18

கஞ்சி வேண்டாம் என்று அடம். எனக்கும் தூக்கமில்லை. “குடிச்சுத் தொலைங்க அத்தை! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் நடுத்தெருவுல நிக்கணும்!” — வாயில் வந்தே விட்டது.

அத்தை ஸ்பூனை வாங்கிக்கொண்டார். “தெரியும்டி. வீட்டுக்காகத்தான் பாத்துக்கற. அதனாலென்ன, நல்லாத்தான் பாத்துக்கற.”

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மார்ச் 21

காய்ச்சல் விட்டது.

ஏப்ரல் 2, புதன்

அத்தை மேனேஜரை மாடிக்கு வரச்சொன்னார். “நான் போனாத்தான் உனக்கு ரூம். எங்கம்மா தொண்ணூத்தேழு வரைக்கும் இருந்தா, தெரியுமா?”

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பவே காலி பண்றேன். ஊருக்குள்ள ஒரு வீடு குடு. என் பேர்ல இல்ல, இவ பேர்ல.”

“மேலிடத்துல கேக்கணும்மா.”

“கேளு. நான் எங்கயும் போகல.”

அவர் போனதும், “எப்படி அத்தை, இந்த வீட்டை விட்டு...” என்றேன்.

“ஜன்னல்ல குரங்கு மாதிரி உக்காந்தது போதும்டி.”

மே 11, ஞாயிறு

புது வீட்டில் மூன்றாம் நாள். ஓர் அறை, ஒரு சமையலறை, கீழே தையல்கடை. மேலிடம் ஒத்துக்கொண்டபடி வீடு என் பெயரில். அத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி யாரும் என்னைக் கிளப்ப முடியாது.

காலையில் அத்தை எழவில்லை. கூப்பிட்டேன். அசைவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் உலுக்கினேன். நான் கத்திய கத்தலில் தையல்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்க விடுறியா?”

அவர் மேல் விழுந்து அழுதேன். முதுகைத் தட்டிக்கொடுத்தார். “எதுக்குடி அழற? வீடுதான் உன் பேர்ல இருக்கே.”

இன்னும் அழுதேன். பிறகு எழுந்து தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி கஞ்சி வைத்தேன்.