கை காட்டினால் நிற்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்கவே கூடாது என்று உன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நம் வீட்டில் பாதிப் பேச்சு அதுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கரண்ட் பில்லும் அம்மாவின் முழங்கால் வலியும். இரண்டும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

உன் கடிதம் கிடைத்தது. "நீங்க சொன்னதுதான் சரிப்பா. இது வெறும் விரல் வித்தை. செஞ்சதுல இருந்து அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் ஹால்தான் கண்ணுலயே நிக்குது, தொண்டையில ஒண்ணும் இறங்கல. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்று எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் சொன்னதை ஒரு படித்த பெண் எடுத்துச் சொல்கிறாளே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளைக்கு முன்னால் டாக்டரம்மா உட்கார்ந்து இரண்டு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுவாராம். பிள்ளை பழைய ரணத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த விரலைக் கண்ணால் தொடர வேண்டுமாம். ரணம் ஆறுமாம். இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர், சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ். அப்படிப் பார்த்தால், மழைக்காலம் முழுக்க வைப்பரைப் பார்த்துக்கொண்டே பஸ் ஓட்டுகிற நான் இந்நேரம் ஞானியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்பதற்கு உன் அம்மாவே சாட்சி.

அவளை வைத்து வீட்டில் செய்தும் பார்த்தேன். "உன் மனசை ரொம்ப வருத்துற ஒண்ணை நினைச்சுக்கிட்டு என் விரலையே பாரு" என்றேன். "நினைக்க வேற வேணுமா? அதான் எதிர்லயே உக்காந்திருக்கே" என்றாள். வைத்தியம் அத்தோடு முடிந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார். உன் ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டர். பிள்ளைகளை இத்தனை வருடம் வளைத்ததற்காக அவருக்குப் பாராட்டு விழாவாம். மேடையில் மாட்ட உன் பழைய படம் ஒன்று வேண்டுமாம். அவர் உடம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். நம் வீட்டில் இனி யார் உடம்பைப் பற்றியும் பேச்சில்லை. புத்தியைப் பற்றி எழுதலாம் அல்லவா? அதை எந்தத் தராசில் வைத்தாலும் முள் அசையாது.

"இன்னும் இளைச்சிட்டாளாமே? நம்ம பயிற்சி வீண் போகல பாருங்க" என்றார், பல்லெல்லாம் தெரிய.

பிள்ளைகளை ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏற்றி, பின்னால் நிற்கிற பிள்ளையை விட்டு எடையைக் கத்திச் சொல்லவைப்பாராம். கூடியிருந்தால் எல்லோரும் கை தட்ட வேண்டுமாம். நீ எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நீ கை தூக்கியபோது, "பாத்ரூமா? அப்புறம் போகலாம், ஏறு" என்று சொன்னவர்தானே இந்த மகான்?

அம்மா உள்ளே போனாள். நீ வாங்கி வைத்திருந்த எடை மெஷினை, டாக்டரம்மா சொல்லி நாங்கள் பரணில் ஒளித்து வைத்ததை, இறக்கித் தூசி தட்டி அவர் காலடியில் வைத்தாள். "ஏறுங்க மாஸ்டர். நான் பார்த்துச் சொல்றேன், இவர் கத்துவார். பஸ் ஓட்டுற தொண்டை, தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"என்னம்மா இது? வீடு தேடி வந்தவனை இப்படியா அவமானப்படுத்துறது?"

"உங்களுக்கே இவ்வளவு கூசுதே. அவளுக்கு அப்போ பதினோரு வயசு."

டீயைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். விட்டுப்போன அழைப்பிதழ் நல்ல தடித்த அட்டை. ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். அந்த ஆளால் ஒன்று ஆடாமல் நிற்பது இதுதான் முதல் தடவை. மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. அவரும் அதை எடை போட்டுத்தான் வாங்கினார்.

பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டுவதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பழைய ரணத்தைத் தொடும்போது சில பேருக்கு முதலில் கிளறிவிடும், வேகத்தைக் குறைக்கலாம், சாப்பாடு இறங்காததைச் சாப்பாட்டு டாக்டரிடமும் இன்றே சொல்கிறேன் என்றார். அப்புறம், "தாங்க முடியலைன்னா கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுறேன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். அவ தூக்கவே இல்லையே" என்றார்.

நீ எப்படித் தூக்குவாய்? ஒரு தடவை தூக்கிப் பார்த்தவள்தானே.

கண்ணு, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். யாராவது கை காட்டினால் பிரேக்கை மிதிப்பது. ஸ்டாப் இல்லாத இடத்திலும் நிறுத்தி இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அடுத்த தடவை அந்த அறையில் உட்காரும்போது ஒன்று செய். தாங்க முடிந்தாலும் பரவாயில்லை, சும்மாவாவது ஒரு தடவை கையைத் தூக்கு. டாக்டரம்மா நிறுத்தவில்லை என்றால் போன் பண்ணு, அன்றைக்கே கிளம்பி வந்து கூட்டிவருகிறேன். நிறுத்தினால், தண்ணீர் குடி, மூச்சு விடு, மறுபடி உட்கார். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தச் சொல். இறங்கி மட்டும் ஓடிவிடாதே.

அந்த விரலை நான் இன்னும் நம்பவில்லை. கை காட்டினால் நிற்கிற ஆளை நம்புவேன்.

அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள். கேட்கக் கூடாத அதேதான். நான் கேட்கவில்லை. நீயாக என்றைக்காவது எழுதினால், இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத,
அப்பா