விளிம்புவரை ஊற்றிய தேநீர்

ஜூன் 9
இன்றும் தண்ணீர் இல்லை. எங்கள் முறை வந்து நான்கு நாளாகிறது. வாய்க்காலுக்கு மேலே கிர்கிஸ் பக்கம் மதகுச் சாவி அசான்பாயிடம். கீழே உஸ்பெக் பக்கம் வயல்களுக்குப் பிரித்துவிடுகிறவன் நான். அவர்களுக்கும் வறட்சிதான், தெரியும். ஆனால் எங்கள் வெங்காயம் இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம். குளிர்காலத்துக்கு ஊர் அதைத்தான் நம்பியிருக்கிறது.

ஜூன் 12
நாளை இரு நாட்டு அதிகாரிகளும் என் வீட்டில் கூடுகிறார்கள். அசான்பாயும் வருகிறார். ரொட்டி சுட்டுக்கொண்டே என் மனைவி முகத்தஸ் சொன்னாள்: "வாயைக் கொஞ்சம் கட்டி வையுங்க."

ஜூன் 13
வாயைக் கட்டித்தான் வைத்தேன். கை கெடுத்துவிட்டது.

"எங்க மலை, எங்க பனி. மிஞ்சினதைத்தானே தம்பி விட முடியும்?" என்றார் அசான்பாய். நான் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்துவிட்டேன். விருந்தாளிக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவோம். இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைத்துக் கொடுத்தால், எழுந்து போ.

கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார். நகரத்து அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கை தவறியதா? என் நோட்டுல நானே எதுக்குப் பொய் எழுதணும்? வேணும்னேதான் ஊத்தினேன்.

"ஊரே ஒரு சொட்டுக்கு ஏங்குது, உங்களுக்குக் கிண்ணம் நிறையக் கோவம்" என்றாள் முகத்தஸ்.

ஜூன் 15
ஒப்பந்தத்தின் நகல் வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஜூன் 17
எல்லைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பிறகு அசான்பாய் வீடு. ரொட்டியை வைத்தேன்.

"அண்ணே, வேணும்னேதான் ஊத்தினேன். என்னைத் திட்டுங்க. வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் ஒரு கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிறைத்து என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு. எழுந்தேன்.

"எங்க போற? உக்காரு! நீ ஒண்ணு, நான் ஒண்ணு, சரியாப் போச்சு."

என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கித் தானே குடித்தார். பிறகு அடியில் இரண்டு வாய் மட்டும் ஊற்றித் தந்தார். வெட்கமில்லாமல் அழுதேன்.

"உங்க முறை நாலு நாளும் விட முடியாது தம்பி. ரெண்டு நாள் விடறேன். எங்க சோளமும் காயுது."

ஆறாவது கிண்ணத்தில் நான்தான் போதும் என்றேன்.

ஜூன் 20
நேற்றும் இன்றும் தண்ணீர் ஓடியது. ஊரில் முக்கால்வாசி வெங்காயம் பிழைத்துவிடும். எங்கள் வயலைக் கடைசியில் வைத்தேன். எட்டவில்லை.

காய்ந்த பாத்தியைப் பார்த்துவிட்டு முகத்தஸ் வந்தாள். எதிரில் உட்கார்ந்து, எனக்குக் கால் கிண்ணம் தேநீர் ஊற்றினாள்.